தொடாதவனுக்குத் தண்டனை

கிரேக்கோ-ரோமன் மல்யுத்தத்தில் இரண்டு விதிகள் முக்கியமானவை. முதலாவது, இடுப்புக்குக் கீழே எதிராளியைப் பிடிக்கக் கூடாது. காலை வாரக் கூடாது, தன் காலால் இடறவும் கூடாது. ஃப்ரீஸ்டைலில் இவையெல்லாம் உண்டு. இதில் கழுத்து, தோள், கை, மார்பு மட்டும்தான். நெஞ்சோடு நெஞ்சு முட்டி, அக்குளுக்குள் கையைக் கொடுத்து, அவன் வேர்வை நம்ம மேலயும் நம்ம வேர்வை அவன் மேலயும் ஒட்ட நின்றுதான் ஆடியாக வேண்டும். இரண்டாவது விதி அதைவிட முக்கியமானது. மூன்று மூன்று நிமிடமாக நடக்கும் ஆறு நிமிட ஆட்டத்தில் ஒருவன் பிடிபோடாமல் விலகி விலகிப் போனால் நடுவர் எச்சரிப்பார். அப்புறமும் விலகினால் எதிராளிக்கு ஒரு புள்ளி. விலகியவன் மெத்தையில் மண்டியிட்டுக் கையை ஊன்றிக் கிடக்க வேண்டி வரலாம். மற்றவன் மேலே இருந்து இடுப்பைக் கட்டித் தூக்கப் பார்ப்பான்.

அதாவது, தொடாதவனுக்குத் தண்டனை.

இந்த நாட்டில் மற்ற எல்லா இடத்திலும் தொட்டவனுக்குத்தான் தண்டனை. கிணற்றைத் தொட்டவன், தேர்வடத்தைத் தொட்டவன், டீக்கடை டம்ளரைத் தொட்டவன், பிடித்த பெண்ணின் கையைத் தொட்டவன் - இவர்களுக்கு என்ன நடந்தது என்பது இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒதுங்கி நிற்பவனுக்கு 'நல்ல பையன்' என்று பட்டம். தீண்டாமை என்பதே ஒதுங்கி நிற்பதை ஒழுக்கமாக மாற்றிய ஏற்பாடுதான். அப்படிப்பட்ட சமூகத்துக்குள் ஒரு விளையாட்டு வந்து 'ஒதுங்கினா புள்ளி போச்சு' என்கிறது. இந்த ஒரு விதிக்காகவே அதைப் பற்றி நாம் பேசியாக வேண்டும்.

'கவிதையும் தன்வரலாறும் வருகிற இதழில் குஸ்திக்கு என்ன வேலை தோழர்?' என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். நம் எழுத்தில் உடம்பு நிறைய இருக்கிறது. வெட்டுப்பட்ட உடம்பு, எரிக்கப்பட்ட உடம்பு, மலக்குழிக்குள் இறக்கப்பட்ட உடம்பு. அதை எழுதினோம், இன்னும் எழுதுவோம். ஆனால் ஜெயிக்கிற உடம்பை, ஒருத்தனைத் தலைக்கு மேலே தூக்கிப் போடுகிற உடம்பை யார் எழுதுவது? அதை ஆதிக்கச் சாதியினர் தங்கள் மீசைக்கும் சினிமாப் பாட்டுக்கும் பட்டா போட்டு வைத்துக்கொண்டார்கள். நாமும் அது அவர்கள் சொத்து என்று விட்டுவிட்டோம்.

*

முதலில் ஒரு ஆட்டக்காரரைப் பார்ப்போம். சுனில் குமார். அரியானா மாநிலம் சோனிபட் மாவட்டத்துக்காரர். எடைப் பிரிவு 87 கிலோ. 2019இல் சீனாவின் சியான் நகரில் நடந்த ஆசியச் சாம்பியன் போட்டியில் இறுதிவரை போய்த் தோற்று வெள்ளி வாங்கினார். அடுத்த ஆண்டு, 2020 பிப்ரவரியில், புதுதில்லியில் அதே போட்டி. அரையிறுதியில் கஜகஸ்தான்காரரிடம் 1-8 என்று பின்தங்கினார். கிரேக்கோ-ரோமனில் எட்டுப் புள்ளி வித்தியாசம் வந்துவிட்டால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. இன்னும் ஒரே ஒரு புள்ளி போயிருந்தால் மூட்டையைக் கட்டியிருக்க வேண்டும். அங்கிருந்து தொடர்ந்து பதினொரு புள்ளி எடுத்து 12-8 என்று ஜெயித்தார். இறுதியில் கிர்கிஸ்தான்காரரை 5-0 என்று சாய்த்துத் தங்கம். இந்தப் பிரிவில் இந்தியாவுக்கு ஆசியத் தங்கம் 27 ஆண்டு கழித்து வந்தது. அதற்கு முன் 1993இல் பப்பு யாதவ் வாங்கியது. 2022இல் உலான்பாதரில் வெண்கலம். 2023 அக்டோபரில் ஹாங்சௌ ஆசிய விளையாட்டில் வெண்கலம். அதுவும் 2010க்குப் பிறகு கிரேக்கோ-ரோமனில் வந்த முதல் ஆசிய விளையாட்டுப் பதக்கம். 2025இல் அம்மானில் மறுபடி வெண்கலம்.

எத்தனை தமிழ்ப் பத்திரிகை இந்தப் பெயரைத் தலைப்பில் போட்டது என்று தேடிப் பாருங்கள். கிரேக்கோ-ரோமன் இந்திய மல்யுத்தத்தின் மாற்றாந்தாய்ப் பிள்ளை. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் முகேஷ் கத்ரி ஆடினார். அடுத்து 2016 ரியோவில்தான் ஹர்தீப் சிங்கும் ரவீந்தர் கத்ரியும் போனார்கள். டோக்கியோவுக்கும் பாரிசுக்கும் ஒருவரும் தகுதி பெறவில்லை. 2010 தில்லி காமன்வெல்த் போட்டியில் இந்தப் பிரிவில் மட்டும் நாலு தங்கம் வந்தது. அடுத்த போட்டியிலேயே காமன்வெல்த் பட்டியலிலிருந்து பிரிவையே எடுத்துவிட்டார்கள்.

அப்படியும் சுனில் குமார் போன்றவர்கள் எப்படி வருகிறார்கள்? சோனிபட்டில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. ஊருக்கு ஊர் அகாடா இருக்கிறது. வீட்டில் எருமை, நிலம். ஜெயித்தால் ரயில்வே, ராணுவம், போலீஸ் வேலை. 'பதக்கம் கொண்டு வா, பதவி வாங்கிக்கொள்' என்று அரியானா அரசு ஒரு திட்டத்தையே வைத்திருந்தது. பாலும் மெத்தையும் வேலையும் ஒரே நூலில் கோத்திருக்கின்றன. இதைச் சொல்லாமல் 'அது வடக்கத்தி ரத்தம், அவங்க உடம்பு வாகு அப்படி' என்று நம்ம ஊர் டீக்கடையில் பேசுகிறார்கள். ரத்தமாம்! சுனில் தங்கம் வாங்கிய அதே நாளில் அதே தில்லி மெத்தையில் 55 கிலோ பிரிவில் அர்ஜுன் ஹலகுர்கி வெண்கலம் வாங்கினார். கர்நாடகத்தின் பாகல்கோட் பக்கத்துக்காரர். கிருஷ்ணா நதிக்குத் தெற்கே வந்தால் ரத்தம் தண்ணீராகிவிடும் என்றால் அவர் எப்படி வந்தார்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 2023 ஜனவரியில் வினேஷ் போகட், சாக்‌ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோர் மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவர் பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் துன்புறுத்தல் குற்றச்சாட்டோடு ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். மே 28ஆம் தேதி, புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட அதே நாளில், அவர்களைப் போலீஸ் தெருவில் இழுத்துப் போனது. நாட்டுக்குப் பதக்கம் வாங்கித் தந்த பெண்கள். பின்னால் நிலமுள்ள சாதி, காப் பஞ்சாயத்து, விவசாயச் சங்கங்கள். அவர்களுக்கே இந்தக் கதி. காப் பஞ்சாயத்தின் உள்ளே நுழையவே முடியாத சேரியிலிருந்து ஒரு பெண் அதே புகாரைச் சொல்லியிருந்தால் அவள் பின்னால் யார் வந்து நின்றிருப்பார்கள்?

கூட்டமைப்புக்கு உரிய காலத்தில் தேர்தல் நடத்தவில்லை என்று 2023 ஆகஸ்டில் உலக மல்யுத்த அமைப்பு அதை இடைநீக்கம் செய்தது. அடுத்த மாதம் பெல்கிரேடில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் இந்திய வீரர்கள் தேசியக் கொடி இல்லாமல், பொது ஆட்டக்காரர்களாக ஆடினார்கள். 'ஐயோ, கொடி இல்லாமலா!' என்று பலர் கண்ணீர் விட்டார்கள். 1931இல் காந்தியைச் சந்தித்தபோது, தனக்குத் தாய்நாடு இல்லை என்று சொன்ன ஒரு மனிதரை இந்த நாடு பார்த்திருக்கிறது. கொடி இல்லாத ஆட்டத்தை நம் சனம் ரொம்ப காலமாக ஆடிக்கொண்டிருக்கிறது.

*

இப்போது பரம்பரைக் கதைக்கு வருவோம்.

கிரேக்கோ-ரோமன் என்கிற பெயரே ஒரு ஜோடனை. பழைய கிரேக்கத்து மல்யுத்தத்தில் காலைப் பிடிக்கத் தடை இல்லை. இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது என்கிற விதி 19ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் வந்தது. நெப்போலியன் படையில் இருந்த எக்ஸ்பிராயா என்பவர் 1848 வாக்கில் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் காட்சி நடத்தியபோது வைத்த விதி. கூட்டம் கூட்டிக் காசு வசூலித்த கூத்தாடிப் பயில்வான்களின் ஆட்டம். பின்னால் அதற்கு மதிப்பு வேண்டியிருந்தது. கிரேக்கம், ரோம் என்று பூணூல் மாட்டிவிட்டார்கள். 1896இல் ஏதென்சில் நவீன ஒலிம்பிக் தொடங்கியபோது அந்தப் பூணூலோடு போய் உட்கார்ந்துகொண்டது. சந்தையில் பிறந்ததைச் சொல்ல வெட்கம். அரண்மனையில் பிறந்ததாகச் சொன்னால் பெருமை. எங்கோ கேட்ட கதை மாதிரி இல்லையா?

தமிழிலும் மல்லுக்குப் பரம்பரை உண்டு. மாமல்லன் என்று ஒரு பல்லவ ராஜா, அவன் பெயரில் ஒரு கடற்கரை ஊர். புறநானூற்றில் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். எம்.ஏ. வகுப்பில் இதைப் படித்தபோது ஆசிரியர் ராஜாவின் வீரத்தை அரை மணி நேரம் விரித்துரைத்தார். எனக்கு மற்றவன் மேல்தான் கண். கீழே விழுந்தவனுக்குப் பெயர் இல்லை. ஆமூர்க்காரன், மல்லன், அவ்வளவுதான். ஜெயித்தவனுக்குப் பெயர், குலம், பாடப் புலவர். தோற்றவனுக்கு ஊர் மட்டும். தமிழ் வீரத்தின் ஆவணமே இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

இப்போது எங்கள் வட்டாரத்தில் பேனர் வைக்கிறவர்கள் எல்லோரும் ஆண்ட பரம்பரை. யார் யாரை ஆண்டார்கள் என்று கேட்டால் அடிதடி. 1989இல் போடி வட்டாரம் எரிந்தது இந்தப் பரம்பரைப் பெருமை குடித்த தண்ணீரால்தான். வருத்தம் என்னவென்றால் நம் பையன்களும் இப்போது அதே கடையில் அதே சரக்கை வாங்குகிறார்கள். 'நாங்களும் ஆண்டோம், நாங்கதான் மல்லர், பழைய நூலில் ஆதாரம் இருக்கு' என்று சொல்லாராய்ச்சி. தம்பிகளே, இழித்துச் சொன்ன பெயரை மறுத்து நமக்கு நாமே பெயர் வைத்துக்கொள்வது நம் உரிமை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பெயரில் மல் இருப்பதால் ஒரு பிள்ளைக்கும் தோளில் பிடி வந்துவிடாது. ராஜாவின் வம்சம் என்று நிரூபித்தாலும் விடுதியில் ஒரு முட்டை கூடுதலாகக் கிடைக்காது. ரத்தத்தில் வீரம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால், சிலர் ரத்தத்தில் அது இல்லை என்பதையும் சேர்த்துத்தான் ஒப்புக்கொள்கிறோம். அந்த வாதத்தின் அடியில் இருப்பது மனுதான்.

மகர்களின் கதையைப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சிப்பாய்கள். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். 1890களில் ஆங்கில அரசுக்குப் 'போர்க்குணமுள்ள இனங்கள்' என்று ஒரு தத்துவம் பிடித்தது. மகர்களைப் படையில் எடுப்பதை நிறுத்தினார்கள். முதல் உலகப் போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் 1917இல் மகர் படை ஒன்றைச் சேர்த்தார்கள், 1921இல் கலைத்தார்கள். 1941இல் அடுத்த போர், மறுபடி மகர் ரெஜிமென்ட். அதே சாதி, அதே தோள், அதே கை. ஒரு வருடம் வீரன், மறு வருடம் வீரம் இல்லாதவன். உடம்பு மாறவே இல்லை. உத்தரவுதான் மாறியது. இதை அறிந்ததால்தான் அம்பேத்கர் 'எங்கள் ரத்தம் ஒசத்தி' என்று பேசிக்கொண்டிருக்காமல் வேலைவாய்ப்புக்கு மனுப் போட்டார், போராடினார்.

*

நான் ராசிங்காபுரத்துக்காரன். போடிக்கும் தேவாரத்துக்கும் இடையில், மேற்கே நிமிர்ந்தால் மலைச் சரிவு. எங்கள் தெருவில் வலிமைக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. விடிவதற்கு முன் ஜீப் வரும். பத்துப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் அதற்கு மேல் எத்தனை பேர் முடியுமோ அத்தனை பேர். போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். அம்மா முப்பது வருடம் காய் எடுத்தாள். ஏலக்காய் மரத்தின் உச்சியில் காய்ப்பதில்லை. தட்டையின் அடியில், சரத்தில், தரையோடு கிடக்கும். நாள் பூராவும் குத்தவைத்து, அட்டைக்கடியில், ஈரத்தில் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அந்தக் குத்தவைப்பில் எட்டு மணி நேரம் நிற்கும் தொடையும் முதுகும் எந்தப் பயிற்சி மையத்தில் கிடைக்கும்? என் தாய்மாமன் மூட்டை தூக்குகிறவர். தோட்டத்துச் சரிவில் சறுக்கிற மண்ணில் ஐம்பது கிலோ மூட்டையைக் கழுத்திலும் தோளிலும் ஏற்றி ஸ்டோருக்குக் கொண்டுபோவார். தாத்தா காலத்தில் ரோடே இல்லாத மலைப்பாதையில் அரிசி மேலே போனதும் ஏலக்காய் கீழே வந்ததும் நம் தலைமேல்தான்.

தமிழில் ஒரு வேடிக்கை. விளையாடுகிறவனுக்கு 'வீரர்' என்று பெயர். கிரிக்கெட் வீரர், செஸ் வீரர்கூட. சுமை தூக்குகிறவனுக்கு 'ஆள்'. 'தோட்டத்துக்கு நாலு ஆள் அனுப்பு.' கழுத்தும் தோளும் முதுகும் ஒன்றே. மெத்தையில் ஏறினால் வீரர், மலையில் ஏறினால் ஆள். அந்த 'ஆள்' என்ற சொல்லிலிருந்து 'வீரர்' என்ற சொல்லுக்குப் போகும் வழியில் எத்தனை வேலி இருக்கிறது என்பதுதான் நான் கேட்கும் கேள்வி.

முதல் வேலி தொடுவது. பலவங்கர் பாலு என்று ஒரு பந்துவீச்சாளர். சாமர் சாதியில் பிறந்தவர். 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியின் சிறந்த பந்துவீச்சாளர் அவர்தான். புனேயில் அவரைச் சாதி இந்துக்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். இடைவேளையில் தேநீரை மட்டும் வெளியில் நிற்க வைத்து மண் குவளையில் கொடுத்தார்கள். பந்தைத் தொடலாம், டம்ளரைத் தொடக் கூடாது. கிரிக்கெட் அதற்கு வசதியான விளையாட்டு. நடுவில் 22 கஜம் இருக்கிறது. மல்யுத்தத்தில் அந்த வசதி இல்லை. கபடியிலும் இல்லை.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது விளையாட்டுப் பீரியடில் கபடி. பள்ளி எது என்பது இங்கே வேண்டாம். எந்தப் பள்ளியாகவும் இருக்கலாம். பாடி வந்த பையன் ஊர்ப் பையன். நான் கோட்டோரம் நின்றேன். கையை நீட்டினால் என் தோள். பக்கத்தில் இருந்தவனைத் தொட்டான், அடுத்தவனை எட்டித் தொட்டான், என்னைத் தாண்டிப் போனான். திரும்பி வரும்போதும் அப்படியே. நான் அசையவே இல்லை. என்னைத் தொட்டால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியே வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனான். பசங்கள் சிரித்தார்கள். வாத்தியார் விசிலை ஊதி, 'அடுத்த ஆள் பாடு' என்றார். கிரேக்கோ-ரோமன் நடுவராக இருந்தால் அந்தப் பையனுக்கு எச்சரிக்கை கொடுத்திருப்பார்.

அப்படிப்பட்ட மைதானத்திலிருந்தும் மேலே போனவர்கள் இருக்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்தியக் கபடி அணியில் ஆடினார், அர்ஜுனா விருது பெற்றார். 2025இல் மாரி செல்வராஜ் 'பைசன்' படம் எடுத்த பிறகுதான் பல பேருக்கு அவர் பெயர் தெரிந்தது. 31 வருடம்! நம் இதழ்களிலும் அதற்கு முன் அவரைப் பற்றி எத்தனை பக்கம் வந்தது?

மேலே போனால் மட்டும் விட்டுவிடுவார்களா? 2021 ஆகஸ்டு 4ஆம் தேதி டோக்கியோ ஒலிம்பிக் மகளிர் ஹாக்கி அரையிறுதியில் இந்தியா அர்ஜென்டினாவிடம் தோற்றது. அணியில் இருந்த வந்தனா கட்டாரியாவின் அரித்துவார் பக்கத்து வீட்டு வாசலில் சாதி இந்துக்கள் பட்டாசு வெடித்தார்கள். தலித்துகள் அணியில் அதிகம் இருப்பதால்தான் தோல்வி என்று சாதியைச் சொல்லித் திட்டினார்கள் என்று குடும்பம் போலீசில் புகார் கொடுத்தது. அதே ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் இந்தியப் பெண் அவர். ஜெயித்தால் இந்தியாவின் மகள், தோற்றால் சேரியின் மகள்.

*

அடுத்த வேலி சோறு. 87 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு ஆறு நிமிடம் இன்னொரு 87 கிலோவைத் தூக்குவதற்குப் பால், முட்டை, கறி, பருப்பு வேண்டும். நம் பிள்ளைகள் படிக்கிற அரசு விடுதிகளில் பள்ளி மாணவருக்கு உணவுப் படி மாதம் 1,000 ரூபாயாக இருந்தது. 2023இல் தமிழக அரசு அதை 1,400 ஆக்கியது. ஏற்றியதை மறுக்கவில்லை. முப்பதால் வகுத்துப் பாருங்கள். நாளுக்கு 47 ரூபாய்கூட இல்லை. மூன்று வேளைக்கு. ஒரு லிட்டர் பால் வாங்கினால் தீர்ந்தது கணக்கு. மலிவாகக் கிடைக்கும் நல்ல சத்து மாட்டுக்கறி. நம் வீட்டில் காலங்காலமாகத் தின்ற கறி. அதை விடுதிப் பட்டியலில் சேர்க்கச் சொன்னால் பண்பாடு கெட்டுவிடுமாம். பயில்வானுக்குப் பாதாமும் நெய்யும் என்று பாட்டி கதை சொல்கிற நாடு, உழைக்கிற சாதியின் கறியைக் கண்டு மூக்கைப் பொத்துகிறது.

இதைச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. செய்து காட்டிய ஆள் இருக்கிறார். கோலாப்பூர் அரசர் சாகு மகராஜ். 1902இல் தன் சமஸ்தான வேலைகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு 50 சதவீதம் ஒதுக்கியவர். தீண்டப்படாத மாணவர்களுக்கு விடுதிக்கு வழி செய்தவர். 1920இல் மாண்காவ் மாநாட்டில் அம்பேத்கரோடு மேடையில் நின்றவர். அதே சாகு மகராஜ்தான் மல்யுத்தத்துக்கு வாரி வழங்கி, காஸ்பாக் கோதாவைக் கட்டியவர். இட ஒதுக்கீடு, விடுதி, கோதா - மூன்றும் ஒரே கையிலிருந்து வந்தன. அந்தக் கோலாப்பூர் மண்ணில் பழகிய காஷாபா ஜாதவ் 1948 லண்டன் ஒலிம்பிக்குக்குப் போனார். மண்ணில் ஆடிப் பழகியவருக்கு மெத்தை புதிது, ஆறாவது இடம். 1952 ஹெல்சின்கியில் வெண்கலம், சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம். பயணச் செலவுக்கு அவருடைய கல்லூரி முதல்வர் வீட்டை அடகு வைத்தார் என்பது எல்லோரும் அறிந்த கதை. அவர் தலித் இல்லை. ஆனாலும் அந்தக் கதையில் நமக்குப் பாடம் இருக்கிறது. ரத்தம் அவரை லண்டனில் காப்பாற்றவில்லை. நாலு வருடப் பயிற்சியும் யாரோ கட்டிய பணமும்தான் ஹெல்சின்கியில் நிறுத்தியது.

*

இந்த விளையாட்டின் மிகப் பெரிய பெயரைக் கடைசியில் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். மிகயின் லோபஸ். கியூபாவின் பினார் தெல் ரியோ மாகாணத்தில் எர்ரதூரா என்கிற சின்ன ஊர். கறுப்பர். 2004 ஏதென்சில் பதக்கம் இல்லாமல் திரும்பினார். 2008 பெய்ஜிங், 2012 லண்டன், 2016 ரியோ, 2021இல் நடந்த டோக்கியோ, 2024 பாரிஸ் - ஐந்து ஒலிம்பிக்கில் தொடர்ந்து கனத்த எடைப் பிரிவுத் தங்கம். ஒரே தனிநபர் போட்டியில் ஐந்து தங்கம் தொடர்ந்து வாங்கிய மனிதர் ஒலிம்பிக் வரலாற்றில் வேறு ஒருவரும் இல்லை. ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. கிரேக்கம், ரோம் என்று பூணூல் போட்ட விளையாட்டின் உச்சியில், அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்களின் பேரன் உட்கார்ந்திருக்கிறார்.

கியூபாவைச் சொர்க்கம் என்று சொல்ல நான் வரவில்லை. பாரிஸ் இறுதியில் லோபஸ் 6-0 என்று ஜெயித்தது யாஸ்மானி அகோஸ்தாவை. அவரும் கியூபாக்காரர்தான்; நாட்டை விட்டு வெளியேறிச் சிலிக்காக ஆடியவர். வெளியேற வைக்கிற நாடு சொர்க்கமாக இருக்க முடியாது. ஆனால் ஒரு குக்கிராமத்துக் கறுப்புப் பையனைக் கண்டெடுத்து, விளையாட்டுப் பள்ளியில் சேர்த்து, சோறு போட்டு, பயிற்சியாளரைக் கொடுக்க ஏழை அரசாங்கத்தாலும் முடியும் என்பதற்கு அது சாட்சி. ஏலக்காயை ஏலம் போட்டுக் கோடிகள் புரள்கிற போடிக்குப் பக்கத்தில் அது முடியாது என்றால், பணம் இல்லை என்பது பொய்.

2024 ஆகஸ்டு 6ஆம் தேதி ஐந்தாவது தங்கம் வாங்கியதும் லோபஸ் மெத்தை நடுவில் உட்கார்ந்து தன் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்தார். விளையாட்டை விட்டு விலகுகிறேன் என்று மல்யுத்தக்காரர்கள் காட்டும் அடையாளம் அது. அரங்கம் எழுந்து நின்றது. அந்தப் படத்தைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம்ம பக்கத்தில் எத்தனை ஊர்களில் நம் ஆட்கள் ஊர்த்தெருவுக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்திருக்கிறார்கள்! இன்றும் கழற்றச் சொல்கிற தெருக்கள் இருக்கின்றன. ஒருவன் காலில் இருப்பதைக் கழற்றும்போது அது அவமானமா, மரியாதையா என்பதை யார் கழற்றச் சொன்னது என்பதுதான் தீர்மானிக்கிறது.

*

இரண்டு மறுப்புகள் வரும், தெரியும்.

'விளையாட்டு என்பது மக்களை மயக்குகிற சரக்கு, விடுதலைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?' பசித்தவன் பிள்ளைக்கு முட்டையும் வேலையும் கேட்பதை மயக்கம் என்று சொல்கிறவர் வயிறு நிறைந்தவராக இருக்க வேண்டும். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அந்த இடங்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நாம் இதுவரை கணக்குக் கேட்டிருக்கிறோமா?

'வீரம், தோள்பலம் என்று பேசுவது ஆதிக்கச் சாதி ஆண் திமிரை நகல் எடுப்பதில் முடியும்.' இந்த எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். மீசை முறுக்குகிற வீரம் நமக்கு வேண்டாம். ஆனால் மெத்தையில் நடப்பது அது இல்லை. இருவருக்கும் ஒரே எடை, ஒரே விதி, ஒரே நடுவர். முடிந்ததும் கை கொடுக்க வேண்டும். இருட்டில் பத்துப் பேர் சேர்ந்து ஒருவனை வெட்டுவதை வீரம் என்று பேசுகிற ஊரில், ஒருத்தனுக்கு ஒருத்தன் என்கிற நியாயத்தைச் சொல்லித்தர அதைவிட நல்ல இடம் எது? கிரேக்கோ-ரோமன் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு மட்டும் என்பது அதன் குறை. பெண்களுக்கு ஃப்ரீஸ்டைல் இருக்கிறது. நம் பெண் பிள்ளைகளை அதில் இறக்குவோம். மலை ஏறிக் காய் எடுக்கிற தாயின் முதுகு மகளுக்கும் இருக்கும். அவளுக்கு மூட்டைக்குப் பதில் மெத்தை கிடைக்கட்டும்.

என்ன கேட்கலாம்? 2024இல் தமிழகச் சட்டமன்றம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்கென்று தனிச் சட்டம் நிறைவேற்றியது. நமக்கென ஒதுக்கிய பணம் வேறு கணக்குக்குப் போகக் கூடாது என்பது நெடுநாள் கோரிக்கை. அந்தப் பணத்தில் மாவட்டத்துக்கு ஒரு ஆதிதிராவிடர் நல விடுதியிலாவது பன்னிரண்டு மீட்டருக்குப் பன்னிரண்டு மீட்டர் மல்யுத்த மெத்தை போடச் சொல்லுங்கள். பயிற்சியாளருக்கு நிரந்தரச் சம்பளம். ஆடுகிற பிள்ளைக்குத் தனி உணவுப் படி, மாட்டுக்கறி உட்பட. கூட்டமைப்பு, சங்கம், தேர்வுக் குழு ஒவ்வொன்றிலும் நம் ஆட்கள் உட்கார இடம். பெண் பிள்ளைகளின் புகாரைக் கேட்க அந்தச் சங்கங்களுக்கு வெளியே இருந்து ஒரு குழு. மாணவர் தோழர்கள் அவரவர் மாவட்டத்து விடுதிகளுக்குப் போய் உணவுப் படி, மைதானம், உபகரணம் மூன்றையும் எழுதி எடுத்து வாருங்கள். தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய்.

எழுதுகிறவர்களுக்கும் ஒன்று. ஆமூர் மல்லனுக்குப் பெயர் இல்லாமல் போனது இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் நடந்த அநியாயம். இன்றைக்குத் தேனி, தூத்துக்குடி, வடசென்னை மைதானங்களில் ஆடுகிற, ஆடி ஓய்ந்து கூலிக்குப் போகிற நம் ஆட்களின் பெயர்களை எழுதாமல் விட்டால் அந்த அநியாயத்துக்குப் பொறுப்பு எந்த அரசவைப் புலவனும் இல்லை. அடுத்த இதழுக்கு ஒருவர் ஒரு பெயரைக் கொண்டு வாருங்கள். அவர் எங்கே ஆடினார், என்ன சாப்பிட்டார், எதனால் நின்றுபோனார் என்பதை அவர் வாயால் கேட்டு எழுதுங்கள்.